எங்கள் பனியை எங்கே அளந்தீர்கள்?

பனிப்பொழிவுப் பதிவுகளையும் சராசரிகளையும் பேணி வெளியிடுகிற வானிலை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கத்து ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில், ஒரு ரவுன்ஹவுஸ் வளவில் குடியிருக்கிறவன் எழுதுகிறேன். குளிர்காலம் முடிந்த கையோடு எங்கள் வளவுக்காரர் எல்லாரும் கூடிய கூட்டத்தில், பனி அள்ளுகிற கொந்தராத்துக்காரர் ஒரு தாளை மேசையில் போட்டார். நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரைக்கும் எந்த நாள் எவ்வளவு ஸ்னோ விழுந்தது என்று வரிசையாக எண்கள். எல்லாம் பியர்சன் விமான நிலையத்து எண்கள். நாங்கள் வாயைத் திறக்கிறதுக்கு முதலே, "இது அரசாங்கத்தின்ர கணக்கு, நான் ஒண்டும் செய்ய ஏலாது" என்றார். அதோடு கதை முடிந்தது என்று அவர் நினைத்தார். எனக்கு அங்கேதான் தொடங்கியது.

அவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஒப்பந்தத்தில் உள்ளதைத்தான் அவர் காட்டினார். உத்தியோகபூர்வப் பதிவில் 5 சென்ரிமீற்றருக்கு மேல் விழுந்தால் வண்டி வரும் என்று ஒரு வரி. பருவத்தின் மொத்தப் பனி உத்தியோகபூர்வச் சராசரியைத் தாண்டினால் மேலதிகக் கட்டணம் என்று இன்னொரு வரி. இரண்டு வரியும் உங்கள் தலையில்தான் நிற்கின்றன, நீங்கள் அதைக் கேட்காவிட்டாலும்கூட.

நான் கேட்பது ஒன்றுதான். சராசரி என்றோ நாளளவு என்றோ ஓர் எண்ணை வெளியிடும்போது, அது எந்த இடத்தில், எந்த முறையில், எத்தனை வருடப் பதிவிலிருந்து வந்தது என்பதை எண்ணோடு ஒட்டியே எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் அளக்கவில்லை என்றால், அளக்கவில்லை என்று எழுதுங்கள்.

பியர்சன் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெயரில் ரொறொன்ரோ இருந்தாலும் நிலம் பெரும்பாலும் மிசிசாகாவில். எங்கள் வீட்டிலிருந்து 401 நெடுஞ்சாலையில் ஏறி நகரத்தின் ஒரு தொங்கலிலிருந்து மற்றத் தொங்கலுக்குப் போக வேண்டும். 1981 முதல் 2010 வரையான காலத்துக்கு நீங்கள் வெளியிட்ட சராசரியில் பியர்சனுக்கு வருடத்துக்கு 108.5 சென்ரிமீற்றர், நகர மையத்து நிலையத்துக்கு 121.5. இரண்டுமே ரொறொன்ரோவின் சராசரி என்று ஊரெல்லாம் உலாவுகின்றன. ஒரே நகரத்துக்கு 13 சென்ரிமீற்றர் வித்தியாசத்தில் இரண்டு எண்கள், எங்களுடையது எது என்று கேட்டால் இரண்டும் இல்லை.

சரி, 13 சென்ரிமீற்றரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ். விடியற்காலையில் சக்கர நாற்காலி ஏற்றுகிற வான் வந்து கூட்டிக்கொண்டு போகும். இந்த ஜனவரியில் ஒரு நாள், இரவு முழுக்கக் கிழக்குக் காற்று, ஏரிப் பக்கமிருந்து. எழும்பிப் பார்த்தால் வளவுக்குள் இருக்கிற பாதையில் ஒரு சில்லுத் தடம்கூட இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. வான் வாசலில் வந்து நின்றது. உள்ளே வருகிற பாதை கொஞ்சம் ஏற்றம், அதில் ஏற முடியவில்லை, சில்லு சுழன்றதுதான் மிச்சம். சாரதி நல்ல மனுசன், இறங்கி வந்து தன்னால் முடிந்தமட்டும் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போகலாம் என்றால், அதன் முன் சில்லுகள் இரண்டும் உள்ளங்கையளவு சின்னன். பனிக்குள் இறங்கினால் புதைந்து நாற்காலி முன்னுக்குக் கவிழப் பார்க்கும். நானும் பக்கத்து வீட்டுப் பெடியனும் ஆளுக்கொரு சவளோடு வாசலிலிருந்து வீட்டுக்கதவு வரைக்கும் வெட்டத் தொடங்கினோம். பாதி தூரம் வருவதற்குள் சாரதி கையைக் காட்டினார். அவருக்கு அடுத்த நோயாளி காத்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பிழை சொல்ல முடியுமா?

அன்றைக்கு அப்பாவின் நேரம் போய்விட்டது. அடுத்த இடம் மறுநாள்தான் கிடைத்தது. டயலிசிஸ் செய்கிறவர்களின் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும், ஒரு நாள் தள்ளிப்போனால் என்ன என்று. குடிக்கிற தண்ணீருக்குக் கணக்கு. மருந்து ஊற்றித் தருகிற சின்னப் பிளாஸ்டிக் கோப்பையில் அளந்து கொடுத்தோம். அதையும் உடனே குடிக்காமல் உதட்டை நனைத்து நனைத்து வைத்திருந்தார். பின்னேரம் கால் இரண்டும் வீங்கி, மேஸைக் கழற்றினால் இழை அப்படியே தோலில் பதிந்திருந்தது. இரவு படுத்தால் மூச்சு முட்டும் என்று கதிரையிலேயே இருந்தார்.

கொந்தராத்துக்காரருக்குக் காலையிலேயே அடித்தேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார். விமான நிலையத்தில் நாலு சென்ரிமீற்றர் சொச்சம்தான் விழுந்திருக்கிறதாம், ஐந்து வந்தால்தானே வண்டி. பின் வளவில் இருக்கிற பிளாஸ்டிக் மேசையில் மகளின் பள்ளிக்கூட அடிமட்டத்தைக் குத்திப் பார்த்தேன். நாலு இடத்தில் குத்தினேன், ஒன்பதுக்குக் குறையவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். உங்கள் அடிமட்டம் உத்தியோகபூர்வ அளவு இல்லை என்று பதில் வந்தது. உண்மைதான். அதில் பார்பி படம்கூட ஒட்டியிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிரஷர் பார்த்துவிட்டு எனக்குக் குளிசை எழுதினால் நான் விழுங்குவேனா? பனி விஷயத்தில் மட்டும் விழுங்கு என்கிறார்கள்.

பனியை அளப்பது லேசான வேலை என்று நான் நினைக்கவில்லை. மழையென்றால் ஒரு கொள்கலனில் விழுகிறதை அளந்துவிடலாம். பனி காற்றோடு ஓடும், மதிலோரம் குவியும், தன் பாரத்திலேயே அமரும், வெயில் பட்டால் இளகும். காலையில் பத்தாக நின்றது பின்னேரம் ஏழாக நிற்கும். அதனால்தான் காற்று அடிக்காத இடமாகப் பார்த்து, தட்டையான வெள்ளைப் பலகை வைத்து, குறித்த நேரத்தில் பல இடங்களில் அடிமட்டத்தால் அளந்து சராசரி எடுத்து, பலகையைத் துடைத்துத் திரும்ப வைக்கிற முறை வந்தது. எத்தனை தரம் துடைக்கிறோம் என்பதிலேயே கணக்கு மாறும். 1997 ஜனவரியில் நியூ யோர்க் மாநிலத்து மொன்டேகு என்ற இடத்தில் 24 மணித்தியாலத்தில் 77 அங்குலம் விழுந்ததாகப் பதிவானது. அமெரிக்காவின் சாதனையாகியிருக்க வேண்டியது. விசாரித்தால், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் என்ற விதிப்படி நாலு அளவு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு அளவு இருந்தது. அடிக்கடி துடைத்து அளந்தால் பனி அமர நேரமில்லை, கூட்டுத்தொகை ஏறும். அந்த எண்ணைத் தள்ளிவைத்துவிட்டார்கள். கொலராடோவின் சில்வர் லேக்கில் 1921இல் பதிவான 75.8 அங்குலம் அப்படியே நின்றது. எண்ணைச் சந்தேகித்து எழும்பிக் கேட்டால் உலகம் இடிந்துவிடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

2016 ஜனவரிப் புயலும் உங்களுக்கு நினைவிருக்கும். வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் 17.8 அங்குலம். அதே புயலில், 40 கிலோமீற்றருக்குள் இருக்கிற டலஸ் விமான நிலையத்தில் 29.3. ரீகனில் அளக்கிற பலகையே பனிக்குள் புதைந்து காணாமல் போய்விட்டது, அங்கங்கே குத்தி அளந்து எண் கொடுத்தார்கள் என்று பிறகு வெளிவந்தது. பலகையைத் தொலைத்த இடம்தான் தலைநகரத்தின் உத்தியோகபூர்வ அளவு! ஆனால் அமெரிக்க வானிலை அதிகாரிகள் ஒரு குழு போட்டுப் பரிசீலித்தார்கள். நியூ யோர்க் சென்ட்ரல் பார்க்கின் 26.8 அங்குலத்தை 27.5 ஆகத் திருத்தினார்கள். 2006இன் 26.9 என்ற பழைய சாதனை அதோடு இரண்டாமிடத்துக்குப் போனது. மூன்று மாதம் கழித்து, எல்லாப் பனியும் உருகிய பிறகும், திருத்த மனம் இருந்தது.

இங்கே? ஆள் நின்று அடிமட்டத்தால் அளந்த இடங்கள் பலவற்றில் இன்று இயந்திரம் நிற்கிறது. நிலத்தில் எவ்வளவு பனி கிடக்கிறது என்பதை ஒலி அனுப்பிப் பார்க்கிற கருவி ஒன்று. அது கிடக்கிறதைச் சொல்லும். நேற்றையது எவ்வளவு, இன்றையது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது, காற்று கொண்டுவந்து குவித்ததையும் விழுந்ததாகவே பார்க்கும். விழுகிறதை நிறுத்துப் பார்க்கிற வாளி இன்னொன்று. காற்று பலமாக அடித்தால் பனித்துகள் வாளிக்குள் விழாமல் மேலாலே போய்விடும், சில வேளை பாதிக்கு மேல். நிறையைப் பனியின் உயரமாக மாற்ற 1 மில்லிமீற்றர் தண்ணீருக்கு 1 சென்ரிமீற்றர் பனி என்ற பழைய வாய்பாடு. கடுங்குளிரில் விழுகிற பஞ்சுப் பனிக்கு அது 1.5, 2 சென்ரிமீற்றர்வரை போகும், ஈரப்பனிக்குப் பாதியாகும். 0.2 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் துளி என்று எழுதி, கூட்டும்போது பூச்சியம். இதெல்லாம் நான் கண்டுபிடித்த இரகசியம் இல்லை, உங்கள் துறைக்காரர்களே எழுதிவைத்தவை. என் கேள்வி வேறு. முப்பது வருடச் சராசரியில் மனுசர் அளந்த வருடமும் இயந்திரம் அளந்த வருடமும் சேர்ந்து கிடந்தால், அந்த எண் எதனுடைய சராசரி?

உங்கள் சராசரிப் பட்டியலில் எண்களுக்குப் பக்கத்தில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து நிற்கிறது. ஏ என்றால் விடுபட்ட நாட்கள் மிகக் குறைவு. பி என்றால் குறைந்தது 25 வருடப் பதிவு, சி என்றால் 20, டி என்றால் 15. அதாவது முப்பது வருடச் சராசரி என்ற தலைப்பின் கீழ் பதினைந்து வருடத்துக்குப் பதிவே இல்லாத எண்ணும் இருக்கலாம். அந்த எழுத்தைப் போட்ட நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அது மேசையிலேயே தங்கிவிடுகிறது, எண் மட்டும் ஊருக்குள் வருகிறது. செய்தி வாசிக்கிறவர் எழுத்தை வாசிப்பதில்லை, போனில் இருக்கிற வானிலை ஆப் காட்டுவதில்லை, எங்கள் ஒப்பந்தத்தில் அது இருந்ததே இல்லை. அதனால்தான் எண்ணோடு ஒட்டி எழுதுங்கள் என்கிறேன். ஒதுக்குப்புறத்தில் எழுதியது எழுதாததற்குச் சமன்.

இன்னொன்று, எங்கள் எண்ணைக் கூட்டித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஸ்காபரோவுக்குள்ளேயே ஒரே பனி விழுவதில்லை. ஏரி சூடாக இருக்கிற டிசம்பர் தொடக்கத்தில் ஏரியோரக் கிங்ஸ்ரன் வீதிப் பக்கம் மழையும் சேறுமாக இருக்கும், அதே நேரம் வடக்கே ஃபிஞ்ச், ஸ்டீல்ஸ் வீதிகளில் வெள்ளையாகக் கொட்டும். கிழக்குக் காற்று ஏரியைக் கடந்து வந்தால் கதை மாறிவிடும். 2022 ஜனவரி 17ஆம் திகதிப் புயலில் நகரத்தின் சில பகுதிகளில் அரை மீற்றரைத் தாண்டியது, விமான நிலையத்தில் அதைவிட நன்றாகக் குறைவு. வேறொரு நாள் எங்களுக்குக் குறைவாகவும் அங்கே கூடவாகவும் விழும். விழட்டும். எங்களுக்கு விழுந்ததை எங்களுடையது என்றும், அங்கே விழுந்ததை அங்கேயுடையது என்றும் எழுதினால் போதும்.

கூட்டத்தில் கட்டணக் கதை வந்தபோதுதான் வேடிக்கை. நாள் கணக்கில் பியர்சனில் ஐந்து வரவில்லை, ஆகவே வண்டி வரவில்லை. பருவக் கணக்கில், சராசரியான 108.5ஐத் தாண்டிவிட்டது, ஆகவே மேலதிகக் கட்டணம். 121.5 என்றும் ஒரு சராசரி இருக்கிறதே, அதை ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்டேன். அதுவும் உத்தியோகபூர்வம்தான், ஆனால் ஒப்பந்தத்தில் எது என்று எழுதவில்லை, ஆகவே தங்களுக்குப் பொருத்தமானதை எடுத்தோம் என்று பதில். பனி விழாததற்கும் நாங்கள்தான் கஷ்டப்பட்டோம், பனி கூட விழுந்ததற்கும் நாங்கள்தான் காசு கட்டினோம். பராமரிப்புக் கட்டணம் கூடுகிறது என்று அடுத்த கடிதம் வந்துவிட்டது. எங்கள் வளவில் பாதிப்பேர் ஓய்வூதியக்காரர்.

இந்த எண் எங்கள் வளவோடு நிற்பதும் இல்லை. உப்பு எவ்வளவு வாங்குவது, எத்தனை வண்டி வைப்பது, கூரை எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்பதற்கெல்லாம் எங்கேயோ ஒரு மேசையில் பழைய பனிக்கணக்குத்தான் முன்னால் கிடக்கும். 1999 ஜனவரியில் எங்கள் மேயர் மெல் லாஸ்ற்மன் பனி அள்ள இராணுவத்தைக் கூப்பிட்டார் என்று நாடு முழுக்க இன்னும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறது. 2025 பெப்ரவரியில் ஒன்றன்பின் ஒன்றாகப் புயல் வந்தபோது, இராணுவத்தையே கூப்பிட்டிருக்கலாம் என்று பஸ் தரிப்பிடத்தில் பனிமேட்டுக்கு மேலே ஏறி நின்ற சனம் சொன்னது. தொலைக்காட்சியில் கோட்டும் சூட்டுமாக ஒருவர் நின்று, இந்தப் பருவம் சராசரியை ஒட்டித்தான் போகிறது என்று சிரித்த முகத்தோடு சொல்லுவார். கனடாவில் ஐந்து மாதம் பனி. பனிக்குள் கார் விட்டால் ரிக்கெற் எழுத ஆள் இருக்கிறது. பனியை அளக்க மட்டும் ஆள் இல்லை.

கொஞ்சம் கூடக் கதைத்துவிட்டேன் போல. உங்கள் அலுவலகத்தில் இருக்கிறவர்கள் இந்தக் குறைகளை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் என்பதும், ஆளும் காசும் குறைத்தது நீங்கள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் தாழ்மையாகவே கேட்கிறேன்.

நாளளவையும் சராசரியையும் வெளியிடும்போது, நிலையத்தின் பெயர், கையால் அளந்ததா இயந்திரம் அளந்ததா, எத்தனை வருடப் பதிவு, முறை எந்த வருடம் மாறியது என்பதை எண் இருக்கிற அதே வரியில் போடுங்கள். அந்த வரியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துப் போடுகிறவர்களுக்கு, அப்படிச் செய்யக்கூடாது என்று ஒரு அறிவித்தலாவது விடுங்கள். ஒரு விமான நிலையத்தின் அளவை இவ்வளவு பெரிய நகரம் முழுக்கவும் பொருத்திப் பார்க்க முடியாது என்று உங்கள் வாயால் ஒருமுறை எழுத்தில் சொன்னால், எங்களைப் போன்ற வளவுக்காரர் அந்தத் தாளைக் கொண்டுபோய் ஒப்பந்தத்தைத் திருத்தலாம். நாங்கள் சொன்னால் எடுபடாது, நீங்கள் சொன்னால் எடுபடும்.

கிழக்கில் அளக்க ஆளில்லை என்றால் எங்களைக் கேளுங்கள். கோகோராஸ் என்ற தன்னார்வலர் வலையமைப்பில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சாதாரண சனம் வீட்டுப் பின்வளவில் மழையும் பனியும் அளந்து தினமும் அனுப்புகிறார்கள். மல்வேர்னிலும் மோர்னிங்சைட்டிலும் விடிய ஐந்து மணிக்கு எழும்புகிற ஓய்வுபெற்ற வாத்திமார் எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா? பலகையும் அடிமட்டமும் தந்து, முறையைச் சொல்லித்தந்தால் ஒரு நாள் தவறாமல் அளப்பார்கள். அளந்ததை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா என்பதுதான் கேள்வி.

எங்கள் வளவின் அடுத்த ஒப்பந்தம் செப்டெம்பர் முடிவில் கையெழுத்தாகிறது. அதற்கு முதல் எழுத்தில் ஒரு பதில் கிடைத்தால் பெரிய உதவி. ஸ்காபரோவின் வடகிழக்குக்கு என்று உங்களிடம் சராசரி எதுவும் இல்லை என்றால், இல்லை என்ற அந்த ஒரு வரியே போதும்.

நன்றி.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வளவுக்காரன்